சம்பந்திக்கு முன்னால் குடித்த தேநீர்

எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நல்ல குரல் வாய்க்கும், சிலருக்குக் கைராசி வாய்க்கும், எனக்கு வாய்த்தது இது. மறப்போம் மன்னிப்போம் என்று கோயில் மண்டபத்தில் யாராவது பிரசங்கம் தொடங்கினால் நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். ஆகையால் ஜப்பானியத் தேநீர் குடித்து மனச்சாந்தி கண்ட கதை இது என்று யாரும் நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். நான் அங்கே போனது பழி வாங்க.

இதில் வருகிற பெண்மணியைச் சம்பந்தி என்றே எழுதுகிறேன். அவள் எனக்குச் சம்பந்தி ஆகவில்லை, ஆகியிருக்க வேண்டியவள். அவளுடைய மகனும் என்னுடைய மகளும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து, விரும்பி, இரண்டு வீட்டுக்கும் சொல்லி, சாதகம் பார்த்துப் பொருந்தி, எந்த மண்டபம் எடுப்பது என்று பேசுகிற அளவுக்கு வந்திருந்தது. அதற்குள் நான் சிநேகிதிகளிடம் ‘சம்பந்தி வீட்டார்’ என்று வாய் நிறையச் சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது அந்தப் பெயரை நக்கலுக்காக வைத்திருக்கிறேன்.

கனடாவில், ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் இருக்கிற எங்கள் டவுன்ஹவுஸுக்கு அவர்கள் முதலும் கடைசியுமாக வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சம்பந்தி, அவளுடைய கணவர், மகன், அப்போது ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த மகள். என் கணவர் இறந்து கனகாலம், ஆகவே எங்கள் பக்கத்தில் நானும் மகளும்தான். ஆட்டிறைச்சி ரோல் பொரித்து, கேக் வெட்டி, நல்ல கோப்பைகளை அலுமாரியிலிருந்து இறக்கித் தேநீர் வைத்தேன். சம்பந்தி ரோலைக் கடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“ஊரிலை நீங்கள் எவடம்?”

ஊரின் பெயரைச் சொன்னேன்.

“அது தெரியும். அதிலை எந்தப் பக்கம்? கோயிலுக்கு முன் வீதியோ, பின்னுக்கோ?”

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. வீதியைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகும். பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஊரை விட்டு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகு, ஸ்காபரோவில் என் சொந்த வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு ஏன் பொய் சொல்ல வேண்டும்? உள்ளதைச் சொன்னேன். கோப்பையின் பிடியில் இருந்த அவளுடைய விரல்கள் மெல்லக் கழன்று மடிக்குப் போயின.

“எனக்கு இண்டைக்கு விரதம். மறந்துபோனன்,” என்றாள். ஆட்டிறைச்சி ரோலில் பாதி அப்போதுதான் தொண்டையால் இறங்கியிருந்தது.

அவளுடைய கணவரும் கோப்பையை அப்பால் தள்ளி வைத்தார். மகன் குனிந்துகொண்டு குடித்தான். அந்தச் சின்னப் பெண் மட்டும் என் மகளோடு மாடிப்படியில் இருந்து, என்னத்தையோ சொல்லிச் சிரித்துச் சிரித்துக் குடித்து முடித்தாள். அடுத்த கிழமை என் மகளின் சாதகத்தில் செவ்வாய் இருப்பதாக, சாதகம் பார்த்த தரகர் மூலம் செய்தி வந்தது. மகனிடமிருந்து என் மகளுக்கு ஒரு மெசேஜ் வந்தது, அம்மாவை எதிர்க்க ஏலாது என்று. வருடம் திரும்புவதற்குள் அவனுக்குப் பெரிய மண்டபத்தில், குதிரை வண்டியெல்லாம் வைத்துக் கல்யாணம் நடந்தது. அந்தப் படங்களை எனக்கு அனுப்பி வைத்த நல்ல உள்ளங்களையும் நான் மறக்கவில்லை.

என் மகள் என் முன்னால் அழவில்லை. ஒஷாவாவில் ஒரு வைத்தியசாலையில் வேலை எடுத்துக்கொண்டு, அங்கேயே ஒரு பேஸ்மென்டில் வாடகைக்குப் போய்விட்டாள். போனில் கதைப்பாள். குளிர் எப்படி, மூட்டுவலி எப்படி என்று கேட்பாள். ஒரே ஒரு தடவை மட்டும், “நீங்கள் ஏனம்மா உண்மையைச் சொன்னனீங்கள்?” என்று கேட்டாள். என் பிள்ளை என்னைக் குற்றவாளியாக்கிக் கேட்ட அந்தக் கேள்விதான் எனக்குள் கிடந்து புகைந்தது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் தன் வீட்டில் நிம்மதியாக நித்திரை கொள்கிறாள் என்று நினைக்க நினைக்க எனக்குப் பற்றி எரிந்தது.

நான் அஜின்கோர்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். எச்சிலை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. வாயைத் திறந்து படுத்துவிட்டால் எல்லாச் சாதிக்கும் சூத்தைப் பல் ஒரே மாதிரித்தான் நாறும். அங்கே ஒரு ஜப்பானியப் பெண் வைத்தியத்துக்கு வருவார், என்னை விட வயதில் இளையவர். விறைப்பூசி போட்டுக் காத்திருந்த நேரத்தில், நான் கருவிகளைத் தட்டில் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், வாய் ஒரு பக்கம் கோணிய நிலையிலேயே, “உங்கள் கைகள் சத்தம் போடுவதில்லை,” என்றார். நகரத்துப் பூந்தோட்டத்தில் சனிக்கிழமைகளில் தேநீர் கலை சொல்லிக் கொடுப்பதாகவும் சொன்னார். சனிக்கிழமைகளில் என் வீடு தாங்க முடியாத அளவுக்கு அமைதியாக இருக்கும். போனேன்.

கலை என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்துப் போனவளுக்கு அவர் முதலில் சொல்லித் தந்தது துணி மடிக்க. பிறகு பாயில் நடக்க. பிறகு முழங்காலை மடித்து உட்கார. அதில் கால் செத்து, எழும்பும்போது கையால் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. சுடுதண்ணீர் வார்ப்பதற்கு ஒரு முறை, கரண்டியை வைப்பதற்கு ஒரு முறை, கிண்ணத்தைப் பார்ப்பதற்குக் கூட ஒரு முறை. எனக்குப் பிடித்துப்போனது. கோபத்தை வைத்திருக்கிறவளுக்கு இப்படிப்பட்ட இடம் தோது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல், கை ஒரு வேலையைச் செய்ய, உள்ளே நினைத்துக்கொண்டிருப்பதை நிம்மதியாக நினைக்கலாம்.

பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒரு வழக்கத்தை ஆசிரியை ஒருநாள் மறுபடி தொடங்கினார். கெட்டித் தேநீர். பச்சைத் தேயிலைப் பொடியைக் கொஞ்சத் தண்ணீரில் மூங்கில் மத்தால் குழைத்துக் களிபோல எடுப்பார்கள். ஒரே கிண்ணம்தான். முதல் விருந்தினர் குடிப்பார். வாய் வைத்த இடத்தை ஈரத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். அவர் குடித்துத் துடைத்து அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவருக்குத் தலை வணங்கி, உங்களுக்கு முன்னால் குடித்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

முதல் தடவை கிண்ணம் என் கைக்கு வந்தபோது விளிம்பில் துடைபடாத இடம் இருக்கிறதா என்று தேடினேன். எச்சில் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வாய் வைத்த கிண்ணம் அது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கைப்பும் கடைசியில் ஒரு இனிப்பும். விழுங்கி நிமிர்ந்தபோது என் தலைக்குள் ஒரு படம் வந்து நின்றது. கிண்ணம் என் கையில். நான் குடிக்கிறேன். துடைக்கிறேன். பக்கத்தில் சம்பந்தி. அவள் அதை வாங்கி, நான் வாய் வைத்த இடத்தில் வாய் வைக்கிறாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை. என் வீட்டுத் தேநீரைத் தொட மறுத்தவள் என் வாய் பட்டதைக் குடிக்க வேண்டும். பலர் பார்க்க வேண்டும். அதை நான் என் பிள்ளைக்குப் போனில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் நான் கேட்டது. ஆசிரியை என் முன்னேற்றத்தை மெச்சினார். முதல் விருந்தினர் என்ற இடம் லேசுப்பட்டதல்ல, மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் செய்வார்கள், நீங்கள் மிகவும் கருத்தாகப் பழகுகிறீர்கள் என்றார். நான் எதற்காகப் பழகுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இலையுதிர் காலத்தில் அந்தத் தோட்டத்தில் ஜப்பானியக் கலை நாள் ஒன்று நடக்கும். சம்பந்தி ஒரு பெண்கள் குழுவுக்குத் தலைவி. மாதம் ஒரு இடத்துக்குப் போவார்கள், படம் எடுப்பார்கள், அதை உலகத்துக்கே அனுப்புவார்கள். தோட்டத்து அலுவலகப் பெண்ணிடம், இப்படி ஒரு தமிழ்ப் பெண்கள் குழு இருக்கிறது, அழைத்தால் வருவார்கள் என்று காதில் போட்டு வைத்தேன். அழைப்பில் கிமோனோ உடுத்திப் படம் எடுக்கலாம் என்று கொட்டை எழுத்தில் போடும்படியும் சொன்னேன். தூண்டிலில் எந்தப் புழு குத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாளே குழுவோடு வருவதாகப் பதில் வந்ததாம்.

அன்றைக்கு வெயிலும் குளிரும் கலந்த நல்ல காலநிலை. மேப்பிள் மரங்கள் உச்சியில் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தன. புல்வெளியில் பெரிய மேளங்களைக் கம்பால் அடித்து முழக்கினார்கள், நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஒரு மேசையில் பூ அடுக்கிக் காட்டினார்கள், ஒரு கிளை, ஒரு பூ, மிச்சம் வெறும் இடம். எங்கள் கல்யாண வீட்டு அலங்காரக்காரர் பார்த்தால் பூ விலை ஏறிவிட்டதோ என்று கேட்பார். இன்னொரு பக்கம் பொன்சாய் மரங்கள். வளர நினைத்த கிளையெல்லாம் வெட்டி, கம்பியால் முறுக்கி, சட்டிக்குள் அடக்கி வைத்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் வடிவு வடிவு என்றார்கள். எனக்கு அன்றைக்கு எதைப் பார்த்தாலும் சம்பந்திதான் ஞாபகம் வந்தாள்.

உள்ளே கண்ணாடிச் சுவர் வைத்த கூடத்தில் பாய் விரித்துத் தேநீர் அறை போல ஆக்கியிருந்தார்கள். ஆசிரியை எனக்குச் சாம்பல் நிறக் கிமோனோ ஒன்று உடுத்திவிட்டார். இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டும்போது, “பதற்றமா?” என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையில் எனக்குக் கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிற சந்தோஷம். சம்பந்தி புல்வெளியில் நிற்பதைக் கண்ணாடிச் சுவரால் பார்த்துவிட்டு, கதவடியில் நின்ற உதவிக்காரப் பெண்ணிடம், பால் வெள்ளைப் பட்டுச்சீலை உடுத்தவரை எனக்குப் பக்கத்தில் விடு, அவர்தான் தலைவி என்று சொல்லி வைத்தேன். பிறகு போய் முதல் இடத்தில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

அவர்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்து, குசுகுசுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். சம்பந்தி என் பக்கத்தில் வந்து இருந்தாள். பவுடரும் மல்லிகைச் சென்டும் மணத்தது. பட்டு சரசரத்தது. கழுத்தில் அட்டியல். அவள் என்னை ஒரு கண் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. மை பூசிய நீளக் கூந்தலோடு என்னைக் கண்டவள் அவள். இப்போது எனக்கு முடி முழுக்க நரைத்து, கட்டையாக வெட்டியிருக்கிறேன். யாரோ குஜராத்திக்காரி என்று நினைத்திருப்பாள். தாயைக் காரில் கூட்டி வந்த மகள் அவளுக்கு அடுத்த இடத்தில் வந்து இருந்தாள். வளர்ந்துவிட்டாள். அவள் என்னைக் கண்ட உடனேயே கண்டுபிடித்துவிட்டாள். வாயைத் திறந்தாள். அதற்குள் ஆசிரியை உள்ளே வந்து வணங்கினார். கூடம் அமைதியானது.

ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கினார். மூன்று பேருக்கு ஒரு கிண்ணம். ஒரே கிண்ணத்தில் குடிப்பது ஒருவரை ஒருவர் நம்புவதற்கு அடையாளம். ஆனால் இந்தக் காலத்தில் யாருக்காவது தயக்கம் இருந்தால் இப்போதே சொல்லலாம், தனிக் கிண்ணம் தருவேன், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

“நோ நோ,” என்றாள் சம்பந்தி, எல்லாருக்கும் கேட்க. “வீ வோன்ட் எவ்ரிதிங் ஒதென்டிக்.”

குழுப் பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி அதைப் போனில் படமும் எடுத்தாள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. பக்கத்தில் இருப்பவள் யாரோ குஜராத்திக்காரியாக இருக்கும் வரைக்கும் அவளுக்கு எச்சில் கிடையாது, தீட்டுக் கிடையாது.

முதலில் இனிப்பு வந்தது. பயற்றை அவித்து அரைத்துச் சீனி போட்டுப் பிடித்தது போன்ற ஒன்று, மேப்பிள் இலை வடிவத்தில். பிறகு ஆசிரியை தேநீர் குழைக்கத் தொடங்கினார். கொதிக்கிற தண்ணீரின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கிண்ணம் என் முன்னால் வந்தது. எடுத்து இடக்கையில் வைத்து, முகப்பு என் பக்கம் இராதபடி திருப்பி, குடித்தேன். அன்றைக்குக் குடித்தது போலக் கைப்பான, ருசியான தேநீரை நான் என்றைக்கும் குடித்ததில்லை. விளிம்பை ஈரத் துணியால் துடைத்தேன். ஒழுங்காகத்தான் துடைத்தேன், அதில் நான் கள்ளம் செய்யவில்லை. பிறகு சம்பந்தியின் பக்கம் திரும்பி, தரையில் கை வைத்து வணங்கி, சொல்ல வேண்டிய வார்த்தையைத் தமிழில் சொன்னேன்.

“உங்களுக்கு முன்னம் குடிச்சிட்டன். குறை நினையாதேங்கோ, சம்பந்தி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் என் முடிக்குப் போய், மறுபடி முகத்துக்கு வந்து நின்றதை நான் அணு அணுவாக ரசித்தேன். அதற்குள் கிண்ணத்தை அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துவிட்டேன். வாங்காமல் இருக்க முடியாது. சற்று முன்தான் எல்லாம் வேண்டும் என்று சொன்னவள். குழுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆசிரியை புன்னகையோடு காத்திருந்தார்.

“குடியுங்கோ,” என்றேன். “ஆறினால் நல்லாயிராது.”

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்போது அவள் செய்ததை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்து, கிண்ணத்தை வாய்க்கு மேலே தூக்கிப் பிடித்துச் சரித்தாள். அண்ணாந்து குடிப்பதற்கு. கிணற்றடியில் செம்பை வாயில் வைக்காமல் தண்ணீர் குடிப்போமே, அப்படி.

தண்ணீர் என்றால் வந்திருக்கும். இது களி. கிண்ணத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. உதவிக்கு நின்ற ஜப்பானியர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். சம்பந்தி இன்னும் கொஞ்சம் சரித்தாள். வரவில்லை. கழுத்தில் நரம்பு புடைக்க, கவிழ்க்கிற அளவுக்குச் சரித்தாள். மெதுவாக ஒரு பச்சை நாக்கு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது. பிறகு எல்லாம் ஒன்றாக விழுந்தது. மூக்கில், வாயோரத்தில், நாடியில், அட்டியலின் கல்லிடுக்குகளில், பால் வெள்ளைப் பட்டில். மடி முழுக்கப் பச்சை.

எனக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. அவள் மூக்கிலிருந்து பச்சை சொட்டுவதைப் பார்த்தபோது, என் மகள் விட்டுப்போன அறையில் கழற்றி மடித்து வைத்திருந்த திரைச்சீலைகள், போனில் மகள் செய்கிற காலநிலை விசாரிப்புகள், எல்லாவற்றுக்கும் அன்றைக்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது.

ஆனால் உடனேயே ஒன்று உறைத்தது. கிண்ணத்தில் அவளுடைய உதடு படவில்லை. மூக்கால் வழிய வழிய, பட்டு நாசமாக, ஊர் பார்க்க, அப்படியிருந்தும் அவள் நான் வாய் வைத்த இடத்தில் வாய் வைக்கவில்லை. நான் கேட்டது நடக்கவில்லை. அவள்தான் வென்றாள் என்று நினைத்தேன், எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியை துணியோடு பதறி ஓடி வந்தார். தேநீரை அதிகம் கெட்டியாக்கிவிட்டேன், என் பிழை, என் பிழை என்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். குழுப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அண்ணாந்து குடிப்பது எதற்கென்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். என்னை யார் என்று தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒருத்தி போனை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தாள்.

சம்பந்தி கிண்ணத்தைக் கீழே வைக்கப் போனாள். அவளுடைய மகள் கையை நீட்டி அதை வாங்கினாள்.

“இட்ஸ் மை டேர்ன்,” என்றாள். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆசிரியை, வேண்டாம், புதிதாகச் செய்து தருகிறேன் என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். “அன்ரி, நீங்கள் எந்தப் பக்கத்தாலை குடிச்சனீங்கள்?”

விரலால் விளிம்பைக் காட்டினேன். அவள் கிண்ணத்தை மெல்லத் திருப்பி, அந்த இடம் தனக்கு நேரே வந்ததும் நிறுத்தி, அங்கே வாய் வைத்தாள்.

“துப்படி!” என்றாள் தாய்.

நாடியில் பச்சை வழிய, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஒழுங்கையில் திரிகிற தெருநாய்க்குக் கத்துவது போலக் கத்தினாள். “துப்பு! விழுங்காதை, துப்பு!”

ஜப்பானியர்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. இத்தனை காலம் விரதம் என்றும் செவ்வாய் என்றும் பட்டுத்துணி போர்த்தி வைத்திருந்ததை அவளே தன் வாயால் கொட்டிவிட்டாள். பிள்ளை துப்பவில்லை. கடைசி விருந்தினர் மிச்சம் வைக்காமல், சத்தம் கேட்க உறிஞ்சி முடிக்க வேண்டும் என்று ஆசிரியை தொடக்கத்தில் சொல்லியிருந்தார். அவள் அப்படியே உறிஞ்சினாள். கூடத்தின் கடைசி வரை கேட்டது. பிறகு விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைப் பாயில் வைத்து, தாய்க்கு வணங்காமல் எனக்கு வணங்கினாள்.

அதோடு அந்த அமர்வு முடிந்தது. குழுப் பெண்கள் சப்பாத்துகளைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் வெளியேறினார்கள். கிமோனோ உடுத்திப் படம் எடுக்க ஒருத்தரும் போகவில்லை. சம்பந்தியை யாரோ கழுவுமிடத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

நான் கிமோனோவை மாற்றிக்கொண்டு, கிண்ணங்களை எடுத்துக்கொண்டு பின்னால் இருக்கிற சின்னக் குசினிக்குப் போனேன். அந்தப் பெண் என் பின்னாலேயே வந்தாள். கேட்காமலே கையைக் கழுவி, துவாயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் கழுவிக் கொடுக்க, அவள் துடைத்தாள். வெளியே மேளம் மறுபடி தொடங்கியிருந்தது.

“அக்கா இப்ப எங்கை?” என்று கேட்டாள்.

“ஒஷாவாவிலை.”

“அவ எங்களை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா எண்டுதான் வீட்டிலை சொன்னவை. அக்காவுக்கு நான் எத்தினை மெசேஜ் போட்டனான். ஷீ நெவர் ஆன்சர்ட். நானும் கோவிச்சுக்கொண்டு விட்டிட்டன்.” துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள். “அண்ணாவுக்கு உண்மைக் காரணம் தெரியுமே அன்ரி?”

அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை நான் சொல்லவில்லை. “அதை அவரைத்தான் கேக்கவேணும்,” என்றேன். நான் நல்லவள் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. அவளே வீட்டுக்குப் போய்க் கேட்டால் அந்த வீட்டில் எப்படி வெடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். நான் ஒரு முகத்தைத்தான் பழுதாக்க நினைத்து வந்தேன். இப்போது ஒரு வீடே என் கைக்குள் வந்து நின்றது. அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்ததைக் கண்டேன். பாவமாகவும் இருந்தது. பாவம் என்பதற்காக நான் வாயைத் திறந்து சமாதானம் சொல்லவில்லை.

“நான் இப்ப போய் அக்காவைப் பாக்கட்டே? விலாசம் தருவீங்களே?”

“நான் போன் பண்ணிக் கேக்கிறன்,” என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு மகளை எடுத்தேன். யார் வந்து நிற்கிறாள் என்று சொன்னேன். “வரச் சொல்லுங்கோ அம்மா,” என்றாள். பிறகு, “நீங்களும் வாங்கோ,” என்றாள். அந்த வீட்டுக்கு அவள் என்னை அதுவரைக்கும் அழைத்ததில்லை.

அந்த நேரம் குசினிக் கதவடியில் சம்பந்தி வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள், பவுடர் போயிருந்தது. சீலையின் முன்பக்கத்தை ஒரு கையால் சுருட்டிப் பிடித்திருந்தாள். மகளைப் பார்த்து, “வா, போவம்,” என்றாள்.

“நீங்கள் காரைக் கொண்டு போங்கோ,” என்றாள் மகள். சாவியை மேசையில் வைத்தாள். “நான் ஒஷாவாவுக்குப் போறன். எப்ப வருவன் எண்டு தெரியாது. நாளைக்கு அண்ணாவோடை கதைக்க வேணும்.”

“விசரே உனக்கு? ஆரோடை போறாய்?”

பிள்ளை தன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, என் கோட்டையும் கொளுக்கியிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, தாயைக் கடந்து வெளியே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேப்பிள் மரத்துக்குக் கீழே போய் எனக்காக நின்றாள்.

சம்பந்தி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்த அந்த முகத்தில், நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்காத ஒரு பயம் இருந்தது.

“நீங்கள் சொன்னால் கேப்பாள்,” என்றாள். “போகச் சொல்லாதேங்கோ. எனக்கு இருக்கிறது உந்த ஒரு பொம்பிளைப் பிள்ளைதான்.”

நான் கோட்டுக்குள் கையை விட்டு, பொத்தான்களைப் பூட்டினேன்.

“எனக்கும் ஒண்டுதான்,” என்றேன். பிறகு அவளைக் கடந்து வெளியே போனேன்.